ஹெய்ட்டிப் பெண்களின் தாங்கும் சக்தியை நம்பித் திட்டம் போடாதீர்கள்

ஐக்கிய நாடுகள் சபையில் ஹெய்ட்டிக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும், அந்த நாட்டுக்கு நிதியும் படையும் அனுப்பும் அரசுகளுக்கும்,

வணக்கம்.

ஹெய்ட்டியைப் பற்றிய உங்கள் அறிக்கைகளில் பெண்கள் என்ற பகுதி வந்தாலே ஒரு பாராட்டு வந்துவிடுகிறது. ஹெய்ட்டிப் பெண்கள் உறுதியானவர்கள், எது வந்தாலும் எழுந்து நிற்பார்கள், குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் அவர்கள்தான். அந்த நாட்டு மக்களும் இதைச் சொல்வதுண்டு. ஆப்பிரிக்க வேர்கொண்ட வூடூ என்ற மதத்தின் வழிபாட்டுக் கூடத்து நடுவில் நிற்கும் தூணுக்கு என்ன பெயரோ அந்தப் பெயரால்தான் அங்கே பெண்களை அழைக்கிறார்கள். மகன் தாயைப் பற்றி அப்படிச் சொன்னால் அதில் பாசம் இருக்கிறது. நிதி ஒதுக்குகிறவர்கள் சொன்னால் எனக்குப் பயம் வருகிறது. தாங்குகிறவளுக்கு உதவி அவசரமில்லை என்ற நினைப்பு அந்தப் பாராட்டுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

நான் இலங்கையின் கிழக்கில் உளவளத்துணை வேலை செய்கிறவள். ஹெய்ட்டியைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பெண்கள் எதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பேச வேண்டும். உங்கள் திட்டங்களில் நான் காணாதது அதுதான்.

அவர்கள் தலையில் விழுந்தவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல. 2010 ஜனவரி 12 மாலை 4.53க்கு வந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை எல்லாரும் ஒத்துக்கொண்ட கணக்கு இல்லை. மூன்று இலட்சத்துக்கும் மேல் என்றது அந்நாட்டு அரசு. சுமார் 15 இலட்சம் பேர் வீடிழந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் கொலரா. அதைக் கொண்டுவந்தது உங்கள் அமைதிப்படையின் முகாமிலிருந்து ஆற்றில் கலந்த கழிவு. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள், நீங்கள் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆகிவிட்டது. 2016இல் மத்தியூ சூறாவளி. 2021 ஜூலையில் ஜனாதிபதி கொலை, ஓகஸ்டில் தெற்கே இன்னொரு நிலநடுக்கம். அப்புறம் ஆயுதக் கும்பல்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் 5,600க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக உங்கள் மனித உரிமை அலுவலகமே எழுதியது. 2025இல் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களின் தொகை 13 இலட்சத்தைத் தாண்டியது. நாட்டின் மொத்தச் சனத்தொகையே ஒரு கோடியே இருபது இலட்சத்துக்குள்தான்.

முதல் நிலநடுக்கத்துக்கு 30 மாதங்கள் கழித்து 1,355 பேரிடம் செய்த ஓர் ஆய்வில் மூன்றில் ஒருவருக்கும் மேல் அதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்தம் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அது அதிகம். அதற்குப் பிறகு வந்தது எதுவும் அந்த ஆய்வின் கணக்கில் இல்லை.

இப்போது ஒரு வைத்தியசாலைக்கு வரும் ஹெய்ட்டிப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தனக்கு மனச்சோர்வு என்று அவள் சொல்ல மாட்டாள். தலை இடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது, யோசனை ஓய்வதில்லை என்பாள். அல்லது சேசிஸ்மான் வந்துவிட்டது என்பாள். திடுக்கிடும் செய்தி, திடீர்ச் சண்டை, கண்முன் ஒரு சாவு, இவற்றால் இரத்தம் தாறுமாறாகி ஆளையே வீழ்த்தும் நோய் அது. கர்ப்பிணிக்கும் பாலூட்டுகிற தாய்க்கும் அஞ்ச வேண்டியது மொவே சான். பயமோ ஆத்திரமோ துக்கமோ இரத்தத்தைக் கெடுக்கும், கெட்ட இரத்தம் பாலைக் கெடுக்கும், பால் குழந்தையைக் கெடுக்கும் என்பது கிராமங்களில் ஊறிய நம்பிக்கை. மருந்து இலைதழைக் கஷாயம்தான். வீட்டுப் பெரியவளோ இலை வைத்தியரோ காய்ச்சிக் கொடுப்பார்கள்.

இதைக் கேட்டதும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்த நோயை நம்புகிற ஊரில் பாலூட்டுகிறவளைத் திட்டக் கூடாது, அவள் முன்னால் கைநீட்டக் கூடாது, சாவுச் செய்தியைப் பட்டென்று போட்டுடைக்கக் கூடாது. அவள் படுத்துவிட்டால், அவளை இந்த நிலைக்கு ஆளாக்கியது யார் என்று ஊர் கேட்கும், அடித்த புருஷன் பக்கம் எல்லார் கண்ணும் திரும்பும். பெண்ணுக்கு ஒரு காவலும் குற்றவாளிக்கு ஒரு வெட்கமும் அந்த நம்பிக்கைக்குள் இருக்கின்றன. என் தொழிலில் நாங்கள் பாடுபட்டு உண்டாக்கப் பார்க்கும் சூழல், அக்கம்பக்கம் சேர்ந்து ஒரு பெண்ணைத் தாங்கும் சூழல், அங்கே ஏற்கெனவே இருந்தது. அதற்கு அக்கம்பக்கம் என்று ஒன்று வேண்டும். பள்ளிக்கூட வகுப்பறையில் முன்பின் தெரியாத நாற்பது பேரோடு தார்ப்பாய் விரித்துப் படுத்திருக்கிற தாய்க்கு யார் கஷாயம் காய்ச்சுவது? அவளை அடித்தவன் பக்கம் யார் திரும்பிப் பார்ப்பது?

ஸான்மி லசாந்தே அமைப்பு இதைப் புரிந்துகொண்டது. நாட்டின் நடுமேட்டு நிலத்தில் பல பத்தாண்டுகளாக வைத்தியம் பார்க்கிறவர்கள். 2010க்குப் பிறகு, மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் கேள்வித்தாளை வெளிநாட்டிலிருந்து இறக்காமல், நோயாளிகள் வாயில் வருகிற வார்த்தைகளைக் கொண்டே அமைத்தார்கள். ஊர்ப் பெண்களையும் ஆண்களையும் சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றி வீடுவீடாக அனுப்பினார்கள். மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நாட்டில் வேறு வழி கிடையாது, அது நல்ல வழியும்கூட. 2013இல் மிர்பாலே நகரில் அவர்கள் திறந்த 300 படுக்கைப் பெரிய வைத்தியசாலை, 2025 மார்ச் கடைசியில் கும்பல்கள் நகருக்குள் புகுந்த பிறகு மூடவேண்டி வந்தது.

வழிபாட்டிடங்களும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தேவாலயத்தில் உரக்கப் பாடி, உபவாச ஜெபத்தில் அழுது தீர்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. இலைகள் ஊறிய தண்ணீரில் குளித்து, வூடூ பூசாரிப் பெண்ணிடம் மனதைக் கொட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. இரண்டிடத்துக்கும் போகிறவர்கள் ஏராளம். ஆனால் 2024 டிசம்பரில் தலைநகரை ஒட்டிய சித்தே சொலெய் பகுதியின் வார்ஃப் ஜெரெமியில் என்ன நடந்தது? ஒரு கும்பல் தலைவனின் பிள்ளைக்கு நோய் வந்தது, கிழவர்களும் கிழவிகளும் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக் குறைந்தது 207 பேரைக் கொன்றார்கள். வயதானவர்களும் வூடூ வழிபடுகிறவர்களுமே தேடிப்பிடித்துக் கொல்லப்பட்டார்கள். நெஞ்சு பாரத்தோடு ஒரு பெண் போய் உட்காரக்கூடிய திண்ணைகள் எத்தனை அந்தச் சில நாட்களில் காலியாகின என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

சந்தைக்கு வருகிறேன். இதுதான் எனக்கு முக்கியம். மடான் சாரா என்று அழைக்கப்படும் வியாபாரிப் பெண்கள்தான் அந்த நாட்டுக்குச் சோறு போடுகிறவர்கள். மலையில் கரட்டும் கோவாவும் வாங்கி, மூட்டை கட்டி, லொறியில் அந்த மூட்டைகளின் மேலேயே இரவெல்லாம் உட்கார்ந்து வந்து, விடியுமுன் தலைநகர்ச் சந்தையில் இறக்குவார்கள். விற்று முடிக்கும்வரை அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். பக்கத்துக் கடைக்காரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இவள் அவள் சாமானையும் சேர்த்து விற்றுக் கொடுப்பாள். பணத்துக்கு சோல் இருக்கிறது. நம் ஊர்ச் சீட்டு மாதிரியேதான்: பத்துப் பேர் வாராவாரம் ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருத்தி மொத்தத்தையும் எடுப்பாள். நடத்துகிறவளுக்கு சோலின் அம்மா என்று பெயர். முதல் தொலைந்தவள் அதில்தான் மறுபடி கடை போடுவாள். புருஷனை விட்டுவர முடிவெடுத்தவளுக்கு அதுதான் முதல் மாத வாடகை.

காலையில் எழுந்து போக ஓர் இடம், போனதும் பேர் சொல்லிக் கூப்பிட ஆள், கையில் தன் உழைப்பில் வந்த காசு. உளவளத்துணைப் பாடநூல்களில் இதற்கெல்லாம் நீளமான பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெண்களுக்கு இது சந்தை.

அந்தச் சந்தைக்குப் போகும் பாதைகளைப் பாருங்கள். தெற்கிலிருந்து தலைநகருக்கு வரும் நெடுஞ்சாலை மார்ட்டிசானில் 2021 ஜூனிலிருந்து கும்பல்கள் கையில். கப்பம் கட்ட வேண்டும். கட்டினாலும் சரக்கைப் பறிப்பார்கள், பெண்களை இழுத்துப் போவார்கள். சாலைக்குப் பயந்து சிறு படகுகளில் கடல் வழியே வருகிறவர்கள் உண்டு. தலைநகருக்கு மேலே மலையில் காய்கறி விளையும் கென்ஸ்கொஃப் 2025 ஜனவரிக் கடைசியில் தாக்கப்பட்டது. பெரிய சந்தையான க்ருவா-தே-பொசாலை ஒட்டிய லா சலீனில் 2018 நவம்பரிலேயே படுகொலை நடந்தது, குறைந்தது 71 பேர் செத்தார்கள், பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். சந்தையைப் பிடிக்கத்தான் அந்தக் கொலைகள் என்றார்கள்.

பாதையும் சந்தையும் போனால் வருமானம் போகும் என்று உங்கள் பொருளாதாரப் பிரிவு எழுதும். கூடவே பெண்களின் மனத்தைத் தாங்கிய கைகளும் போகின்றன என்று உங்கள் சுகாதாரப் பிரிவு எழுத வேண்டும். எழுதவில்லை. அதனால்தான் இடம்பெயர்ந்த பெண்களுக்கு அரைநாள் பயிலரங்கு வைத்து, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, வரவுப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற திட்டங்களுக்கு மனநல உதவி என்று பெயர் வைக்க முடிகிறது. மூச்சுப் பயிற்சியை நான் குறைத்துப் பேசவில்லை, நானும் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே சோலில் இருந்த பத்துப் பெண்களைப் பத்து முகாம்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டு அதைச் சொல்லிக்கொடுப்பது கொடுமை.

பாலியல் வன்முறையைப் பற்றிச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். கும்பல்கள் இதை ஆயுதமாகவே செய்கின்றன, ஒரு தெருவைப் பிடித்ததைக் காட்ட, எதிர்க் கும்பலின் ஆட்களைத் தண்டிக்க. ஹெய்ட்டியில் வன்புணர்வு என்பது பெண்ணின் உடலுக்கு எதிரான குற்றமாகச் சட்டத்தில் வந்ததே 2005இல்தான். அதுவரை மானத்துக்கு எதிரான குற்றம். அந்த மாற்றத்துக்காக மல்லுக்கட்டிய தலைவிகளில் மகாலி மார்சலின், மிரியம் மெர்லே, ஆன் மரி கொரியொலான் மூவரையும் 2010 நிலநடுக்கம் கொண்டுபோய்விட்டது. அந்த அமைப்புகள் தங்கள் துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு மறுநாளே வேலைக்கு இறங்கவேண்டி வந்தது.

கோஃபாவிவ் என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் 1991க்குப் பிந்திய இராணுவ ஆட்சிக் காலத்தில் வன்புணர்வுக்கு ஆளான பெண்கள். 2010இல் கூடார முகாம்களில் அவர்கள் கொடுத்தது விசிலும் கைவிளக்கும். மலசலகூடத்துக்கு இருட்டில் போகிற பெண் விசிலை ஊதினால் பக்கத்துக் கூடாரங்களிலிருந்து ஆட்கள் ஓடி வருவார்கள். பாதிக்கப்பட்டவளை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனதும், டாக்டரிடம் பேச வாய் வராதபோது பக்கத்தில் இருந்ததும் இந்தப் பெண்கள்தான். விசிலுக்கு என்ன விலை இருக்கும்? அதைத் தொடங்கிய இருவரும் பின்னாளில் மிரட்டல் தாங்காமல் நாட்டைவிட்டே போகவேண்டியதாயிற்று. அவர்களைக் காப்பாற்ற உங்கள் திட்டங்களில் வழி இருக்கவில்லை.

தலைநகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2015இல் திறந்த பிரான் மென்ம் சிகிச்சையகம் இப்போதும் பெண்களைப் பார்க்கிறது. எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். சம்பவம் இரவில் நடக்கிறது. நடந்த இடத்துக்கும் சிகிச்சையகத்துக்கும் நடுவில் இரண்டு கும்பல்களின் எல்லைகள். கையில் பஸ்ஸுக்குக் காசில்லை. மூன்று பிள்ளைகளை விட்டுப்போக ஆளில்லை. 72 மணி நேரம் ஓடிவிடும். அவள் தாமதித்தாள் என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

சரி, இலங்கைக்காரிக்கு இதில் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன்.

2004 முதல் 2007 வரை ஹெய்ட்டியில் உங்கள் அமைதிப்படையின் நீலத் தொப்பியோடு இருந்தவர்களில் என் நாட்டு இராணுவத்தினரும் இருந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உட்படச் சிறுவர் சிறுமியரை அவர்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கியதை உங்கள் உள்விசாரணையே கண்டறிந்தது. பசித்த பிள்ளைகளுக்குச் சாப்பாடும் சில்லறையும் கொடுத்துச் செய்த காரியம். பிள்ளைகள் அடையாளம் காட்டியவர்கள் 134 பேர். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினீர்கள். ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்பதை 2017இல் அசோசியேட்டட் பிரஸ் வெளியே கொண்டுவந்தது. அந்தச் செய்தியை எங்கள் பக்கத்தில் வாசித்தவர்களுக்கு ஆச்சரியம் வந்திருக்காது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அதே 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வீதியோரப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தாய்மார்தான். பதில் வராத காத்திருப்பு ஓர் உடம்பை என்ன செய்யும் என்று அவர்களைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன்: நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, தூங்காத கண். சேர்ந்து உட்காருவது அவர்களை எவ்வளவு தூரம் பிடித்து நிறுத்துகிறது என்பதையும் பார்த்தேன்.

இலங்கைப் படையோடு இது நிற்கவில்லை. 2017இல் ஹெய்ட்டிக்காரர்கள் சுமார் 2,500 பேரிடம் ஆய்வாளர்கள் கதை கேட்டபோது, 265 கதைகள் அமைதிப்படையினருக்குப் பிறந்த குழந்தைகளைப் பற்றியவையாக இருந்தன. படைவீரன் கப்பலேறியதும் தாய் தனியே. பள்ளிக் கட்டணம் இல்லை, பிள்ளையின் நிறத்தைப் பார்த்து ஊர் கேலி பேசும், வீட்டில் ஏச்சு. அந்தத் தாய்மாரில் பத்துப் பேருக்காக ஹெய்ட்டி வழக்கறிஞர்கள் 2017இல் தந்தைமை வழக்குப் போட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு உளவளத்துணை கொடுக்கச் சொன்னால் நான் என்ன சொல்லிக் கொடுப்பது? தகப்பனின் பெயரும் மாதாமாதம் பிள்ளைச் செலவும் கிடைத்தால் அவளுடைய தலையிடியில் பாதி போய்விடும்.

2025 செப்டம்பர் 30 அன்று பாதுகாப்புச் சபை மறுபடியும் ஒரு படைக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது, 5,500 பேர் வரை. கும்பல்களை அடக்க ஆள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. சாலை திறந்தால்தான் சந்தை திறக்கும். ஆனால் இந்தப் பெண்களில் பலருக்குச் சீருடை என்பதே ஒரு காயம்.

தலைநகருக்கு அருகே பொதேயில் ஒரு மனநல வைத்தியசாலை இருக்கிறது. நாட்டில் அரசுக்கு இருப்பவையே இரண்டுதான். மற்றது நகருக்குள் இருக்கும் மார்ஸ் அண்ட் கிளைன். பொதே வைத்தியசாலைக்கு வைத்த பெயர் தெஃபிலே. 1806 ஒக்டோபரில், நாட்டின் விடுதலையை அறிவித்த தெசலினைப் பொன் ரூஜில் கொன்று, உடலைச் சிதைத்துப் போட்டபோது, பயத்தில் ஒருவரும் கிட்டே போகவில்லை. துண்டுகளைச் சாக்கில் பொறுக்கிக் கொண்டுபோய் அடக்கம் பண்ணியவள் தெஃபிலே. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்துப் புத்தி பேதலித்தவள் என்று சொல்கிறார்கள். பைத்தியக்காரி தெஃபிலே என்றே வரலாற்றில் பேர். அன்றைக்கு அந்த ஊரில் செய்ய வேண்டியதைச் செய்த ஒரே ஆள் அவள். அவள் பெயரிலுள்ள வைத்தியசாலை இருக்கும் க்ருவா-தே-பூக்கே பகுதி இன்று கும்பல் பிடியில். இரண்டு மனநல வைத்தியசாலைகளுக்கும் மருந்து போகிறதா, நோயாளிகளுக்குச் சாப்பாடு கிடைக்கிறதா, அங்கே வேலை செய்யும் தாதியருக்குச் சம்பளம் வருகிறதா என்பதை உங்கள் மாத அறிக்கையில் ஒரு வரியாகவாவது சேருங்கள்.

மற்றதெல்லாம் உங்களால் செய்யக்கூடியவையே. இடம்பெயர்ந்தவர்களைப் பதியும்போது யார் யாரோடு சேர்ந்து கடை போட்டார்கள், எந்த சோலில் இருந்தார்கள் என்று கேளுங்கள். முடிந்தவரை சேர்ந்தே தங்க வையுங்கள், முதலீட்டுப் பணத்தையும் அந்தக் குழுவுக்கே கொடுங்கள். மலசலகூடமும் குளிக்கும் இடமும் உள்ளே தாழ்ப்பாளோடும் வெளியே வெளிச்சத்தோடும் இருக்கட்டும். இதற்கு நிபுணர் தேவையில்லை. காய் ஃபாம், சோஃபா போன்று நாற்பது ஆண்டு ஊன்றி நிற்கும் பெண்கள் அமைப்புகளுக்கு ஆறுமாதத் திட்டங்களைத் துண்டுதுண்டாகக் கொடுக்காமல், வாடகையும் சம்பளமும் அடங்கிய பணத்தை ஐந்தாண்டுக்கு உறுதியாகக் கொடுங்கள். அங்கே உளவளத்துணை செய்கிற பெண்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான், அவர்கள் வீட்டிலும் சாவு விழுந்திருக்கிறது. அவர்களுக்கு விடுப்பும் ஆறுதலும் யார் தருகிறார்கள்? டொமினிக்கன் குடியரசு 2025 ஏப்ரலிலிருந்து வைத்தியசாலைக்கு வரும் ஹெய்ட்டிக் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பிடித்து எல்லைக்கு அப்பால் அனுப்புகிறது. அதைப் பார்த்துக்கொண்டே அந்த அரசோடு கைகுலுக்குகிறவர்கள் தாய்-சேய் நலம் என்று தனி நிதி அறிவிப்பதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

படையைப் பற்றிக் கடைசியாக. ஆள் அனுப்பும் ஒவ்வொரு நாடும், தன் வீரர் மீது புகார் வந்தால் எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பதையும், பிள்ளை பிறந்தால் மரபணுச் சோதனைக்கும் பராமரிப்புச் செலவுக்கும் யார் பொறுப்பு என்பதையும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே அந்த ஆட்கள் விமானம் ஏறட்டும். முறைப்பாட்டை எந்த இலக்கத்துக்குச் சொல்வது, எடுக்கப்போகும் பெண் யார், எத்தனை நாளில் பதில் வரும் என்பதைக் கிரியோல் மொழியில் அச்சடித்து ஒவ்வொரு தங்குமிடத்தின் சுவரிலும் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வானொலியில் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். என் நாட்டு அரசிடம் இதே கையெழுத்தைக் கேட்டு எழுதப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உளவளத்துணையாளர்,
மட்டக்களப்பு